சேலத்திலிருந்து தஞ்சை, கும்பகோணம், திருச்சி: ஆறு பேர், ஒரே லாட்ஜ், பஸ்ஸும் ரயிலும்

[திரையில்: சேலம் ஜங்ஷன் வாசல். பைகளோடு ஒரு குடும்பம். எதிரே வரிசையாக ஆட்டோக்கள்.]

வணக்கம். குடும்பத்தோடு நாலு ஊர் சுற்றிவிட்டு வரலாம் என்று பேச்சு எடுத்தாலே, வீட்டில் யாராவது ஒருவர் போனை எடுத்து டிக்கெட் விலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு டிக்கெட் அவ்வளவு பெரிய செலவே இல்லை. பணம் கரைவது இறங்கிய பிறகுதான். ஸ்டேஷனிலிருந்து லாட்ஜுக்கு ஆட்டோ. லாட்ஜிலிருந்து கோவிலுக்கு ஆட்டோ. போய்ப் பார்த்தால் நடை சாத்தியிருக்கும், திரும்பி வர இன்னொரு ஆட்டோ. அதுவும் ஆறு பேர் என்றால் ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

அதனால் எந்த வண்டி மலிவு என்பதைவிட, எங்கே இறங்குவது, எந்த நேரத்தில் இறங்குவது, பைகளை எங்கே வைப்பது என்பதைத்தான் இந்த வீடியோவில் அதிகம் பேசப்போகிறோம்.

கணக்குக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பத்து வயதுப் பெண், நான்கு வயதுப் பையன். வீடு அம்மாபேட்டையில். போக நினைக்கும் ஊர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி.

[திரையில்: ஏற்காடு மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவில் திரும்பும் அரசுப் பேருந்து.]

தஞ்சாவூர் என்று சொல்லிவிட்டு ஏற்காட்டைக் காட்டுகிறீர்களே என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. பெரிய பயணத்துக்குச் சில வாரம் முன்னால், ஒரே ஒரு நாள், காரை எடுக்காமல், பஸ்ஸில் ஏற்காடு போய்விட்டு வாருங்கள். ஒத்திகை மாதிரி. உங்கள் குடும்பம் பஸ்ஸில் எப்படிப் பயணம் செய்யும் என்பது அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும்.

புது பஸ் ஸ்டாண்டில் ஏறுங்கள். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். யாருக்கு வயிற்றைப் புரட்டுகிறது என்பது பாதி மலை ஏறுவதற்குள் தெரிந்துவிடும். காலையில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், இரண்டு இட்லி போதும். முன்பக்கத்து இருக்கைகளில் குலுக்கல் குறைவு, குழந்தைகளை அங்கே உட்கார வையுங்கள். கையில் ஓர் எலுமிச்சம்பழம், நாலைந்து காலிப் பைகள். பக்கத்து சீட்டுக்காரர் சட்டையையும் நினைத்துப் பாருங்கள்.

மேலே போனதும் ஏரி, அண்ணா பூங்கா, அவ்வளவுதான் அன்றைய திட்டம். இரண்டும் அருகருகே, நடந்தே பார்க்கலாம். பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோவில் எல்லாம் தள்ளி இருப்பவை. பாயிண்ட் பாயிண்டாகக் காட்டுகிறோம் என்று வண்டிக்காரர்கள் சொல்லும் தொகையில், பஸ்ஸில் வந்து மிச்சம் பிடித்தது அப்படியே போய்விடும். மே மாதம் கோடை விழா நேரத்திலும் சனி ஞாயிறுகளிலும் போகாதீர்கள், இறங்குவதற்கு பஸ் பிடிப்பதே பெரும்பாடு. இருட்டுவதற்கு முன் கீழே வந்துவிடுங்கள்.

தாத்தா எவ்வளவு தூரம் உட்காராமல் நடக்கிறார், பையன் எத்தனை முறை பாத்ரூம் கேட்கிறான், எந்தப் பையைக் கடைசிவரை திறக்கவே இல்லை என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். திறக்காத பை தஞ்சாவூர் வர வேண்டாம்.

[திரையில்: வரைபடம். சேலம், ராசிபுரம், நாமக்கல், கரூர், திருச்சி, தஞ்சாவூர் என்று ஒரு கோடு நகர்கிறது.]

இப்போது பெரிய பயணம். சேலத்துக்காரர்கள் பலர் திருச்சி என்றாலே பஸ்தான் என்று பழகிவிட்டார்கள். 2013-ல் நாமக்கல் வழியாகக் கரூருக்கு ரயில் பாதை திறந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. சேலம் ஜங்ஷனிலிருந்து மயிலாடுதுறைக்கு முன்பதிவில்லாத எக்ஸ்பிரஸ் ஒன்று இருக்கிறது. நாமக்கல், கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று நமக்கு வேண்டிய எல்லா ஊரையும் ஒரே வண்டி தொடுகிறது. மதியத்துக்கு மேல் கிளம்பி முன்னிரவில் தஞ்சாவூரில் விட்டுவிடும். மறுதிசையில் காலையில் வந்து மதியம் சேலம் சேரும். நேர அட்டவணை அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சேலம்தான் அதற்குப் புறப்படும் இடம். கொஞ்சம் முன்னதாகப் போனால் ஆறு பேரும் ஜன்னலோரமாகவே உட்காரலாம். தஞ்சாவூருக்கு ஆளுக்கு நூறு ரூபாய்க்குள்தான். பையனுக்கு ஐந்து வயது ஆகவில்லை, டிக்கெட் கிடையாது. பெண்ணுக்கு அரை டிக்கெட். ஆக நாலரை டிக்கெட்டில் மொத்தக் குடும்பமும் தஞ்சாவூர் போய்விடுகிறது. இதே தூரத்துக்கு வாடகைக் கார் என்றால், வண்டி வாடகையோடு டிரைவர் படி, சுங்கச்சாவடி, இரவு தங்கினால் அதற்குத் தனி என்று போகும்.

மோகனூர் தாண்டியதும் காவிரிப் பாலம் வரும், தூங்குகிற பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். கரூருக்குப் பிறகு திருச்சி வரை ஆற்றங்கரையை ஒட்டியேதான் பாதை. மாயனூர், குளித்தலை, வாழைத்தோப்பு, வாய்க்கால். இந்தக் காட்சிக்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை.

[திரையில்: ஒரு கடிகாரம். 12 மணியிலிருந்து 4 மணி வரை சிவப்பு நிறம்.]

இந்தச் சிவப்புப் பகுதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பெரிய கோவில்கள் பலவும் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பயணத்தை இந்த நேரத்தில் வைக்க வேண்டும், தரிசனத்தைக் காலையிலும் மாலையிலும் வைக்க வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்வார்கள். விடியற்காலையிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்து, பதினொன்றரைக்கு ஊர் போய்ச் சேர்ந்து, குளித்து முடிப்பதற்குள் கோவில் சாத்திவிடும். அப்புறம் அரை நாள் லாட்ஜில் டிவி.

சரி, எங்கே தங்குவது? மூன்று ஊருக்கு மூன்று லாட்ஜ் என்று போடாதீர்கள். ஒவ்வொரு முறை அறை மாறும்போதும் மூட்டை கட்டுவது, ஆட்டோ, செக்-இன் நேரம் வரை வரவேற்பறையில் காத்திருப்பது என்று அரை நாள் போகும். தஞ்சாவூர் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர், மறு பக்கம் திருச்சி 50-க்குக் கொஞ்சம் மேல். இரண்டுக்கும் ரயிலில் ஒரு மணி நேரம் போல. நாலு இரவும் தஞ்சாவூரிலேயே இருங்கள்.

அறையை ரயில்வே ஸ்டேஷனுக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே, காந்திஜி சாலையை ஒட்டிப் பாருங்கள். வாடகை குறைவு என்று புது பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால், அது ஊரை விட்டுத் தள்ளி இருப்பதால், தினமும் இரண்டு ஆட்டோ. காந்திஜி சாலையிலிருந்து பெரிய கோவிலுக்குக் காலார நடந்துவிடலாம். தாத்தாவுக்கு முட்டி வலி என்றால் ஒரு ஆட்டோ, மற்றவர்கள் நடை.

[திரையில்: காலை வெயிலில் பெரிய கோவில் விமானம்.]

முதல் நாள் காலை பெரிய கோவில். ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்தது, 1987-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வரலாறு கிடக்கட்டும், தரையைப் பற்றிச் சொல்கிறேன். செருப்பில்லாமல் அந்தப் பெரிய முற்றத்தில் பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. ஆறரை ஏழுக்கெல்லாம் உள்ளே இருங்கள். சாயங்காலம் அரண்மனையும் சரஸ்வதி மகால் நூலகமும்.

இரண்டாம் நாள் கும்பகோணம். காலை ரயிலில் போய், டவுன் பஸ்ஸில் தாராசுரம். தேர் போல் செதுக்கிய மண்டபமும் உள்ளங்கை அகலச் சிற்பங்களும் பிள்ளைகளுக்குப் பெரிய கோவிலைவிடவே பிடிக்கும். மதியம் ஊருக்குள் சாப்பாடு, ஒரு டிகிரி காபி, மாலையில் கோவில்கள், ரயிலில் திரும்பல். கங்கைகொண்ட சோழபுரத்தையும் அதே நாளில் இழுத்து வைக்காதீர்கள். பஸ் மாறிப் போகவேண்டிய இடம். பாட்டி பாவம்.

மூன்றாம் நாள் திருச்சி. இங்கேதான் ரயிலின் அருமை தெரியும். வெளியூர் பஸ்கள் பலவும் 2025 முதல் ஊருக்கு வெளியே பஞ்சப்பூர் புது முனையத்துக்குப் போய்விட்டன. ரயிலில் வந்தால் ஜங்ஷனில், ஊர் நடுவிலேயே இறங்கலாம். கொஞ்ச தூரம் நடந்தால் மத்திய பஸ் நிலையம், அங்கே ஒன்றாம் நம்பர் டவுன் பஸ். சத்திரம், திருவானைக்காவல் வழியாக ஸ்ரீரங்கம் வரை அது ஒன்றே போதும். மலைக்கோட்டைக்கு நானூறுக்கு மேல் படி. தாத்தாவும் பாட்டியும் கீழே தெப்பக்குளம் பக்கம் உட்காரட்டும், மற்றவர்கள் ஏறிவிட்டு வரலாம்.

[திரையில்: டவுன் பஸ் கண்டக்டர். கையில் டிக்கெட் கட்டு.]

டவுன் பஸ்ஸில் நம் குடும்பத்தின் கணக்கைப் பாருங்கள். 2021 முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மா, பாட்டி, பெண் மூவருக்கும் இலவசம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரசு பஸ்ஸில் எப்படியும் டிக்கெட் இல்லை. காசு கொடுப்பது அப்பாவும் தாத்தாவும் மட்டும். ஆனால் கட்டணமில்லாச் சீட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தனியார் டவுன் பஸ்ஸில் இந்தச் சலுகை கிடையாது. சேலத்தில் தினமும் இரண்டு வகையிலும் ஏறுகிற நமக்கு இது தெரிந்ததுதான், வெளியூரில் அவசரத்தில் பார்க்காமல் ஏறிவிடுவோம்.

இந்தச் சுற்றை ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று நீட்டுகிறவர்களுக்கு முன்பதிவு வேண்டும். 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை 2020-ல் நிறுத்தியதோடு சரி, அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஆறு பேருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட்டால் அது கிடைக்காது. தாத்தா பாட்டி இருவருக்கு மட்டும் தனி டிக்கெட் எடுங்கள். பத்து வயதுப் பெண்ணுக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், அம்மாவோடு படுத்துக்கொண்டால் பாதி. சின்னத் தூரத்துக்கு ஸ்லீப்பர் போடவே வேண்டாம், 60 கிலோமீட்டர் போனாலும் 200 கிலோமீட்டருக்கான கட்டணம்தான்.

இன்னொன்று தேதி. சேலம் வழியாக நள்ளிரவில் போகும் வண்டிகள் நிறைய. வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டு வீட்டிலிருந்து கிளம்பி, பன்னிரண்டரைக்கு வண்டி ஏறுகிறீர்கள் என்றால், டிக்கெட்டில் இருக்க வேண்டியது சனிக்கிழமை தேதி. வெள்ளிக்கிழமை தேதியைப் போட்டிருந்தால் உங்கள் வண்டி முந்தின இரவே போய்விட்டிருக்கும்.

[திரையில்: தட்டு வடை செட் தயாராகிறது. தட்டை மேல் பீட்ரூட், கேரட் துருவல், சட்னி, அதன் மேல் இன்னொரு தட்டை.]

சாப்பாடு. போகும் நாளுக்கு வீட்டிலிருந்தே புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், பையனுக்குத் தயிர்சாதம். தயிர்சாதத்தை முதலில் தீர்த்துவிடுங்கள், வெயிலில் புளித்துவிடும். நொறுக்குத் தீனிக்குத் தட்டு வடை செட் கட்டிக்கொண்டு போகலாமா என்றால், கூடாது, நமுத்துவிடும். தட்டையைத் தனியாக வாங்குங்கள், சட்னி சேலத்தோடு இருக்கட்டும்.

நாலாம் நாள் காலை தஞ்சாவூரில் அதே மயிலாடுதுறை வண்டியைப் பிடியுங்கள். வழியில் ஏறுவதால் இடம் கிடைப்பது கொஞ்சம் கஷ்டம்தான், ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்தால் நல்லது. மதியம் ஜங்ஷனில் இறங்கி, பழைய பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ், அங்கிருந்து அம்மாபேட்டைக்கு இன்னொன்று. ஆட்டோவுக்கு என்று ஒதுக்கி வைத்த பணம் பையில் மிச்சமிருந்தால், அந்தக் கடைசித் தூரத்துக்குச் செலவழியுங்கள். அதற்குள் தாத்தாவுக்கு இன்னொரு பஸ் ஏறத் தெம்பு இருக்காது.