விலையைப் போடுங்கள், வயதையும் பாருங்கள்

(மட்டக்களப்பில் சிறுதொழில் செய்வோர் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, அலுவலக வேலைகளை ஒதுக்கிவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மையாரே, ஆலய நிருவாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் ஐயா அவர்களே, காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வந்திருக்கும் பள்ளிவாசல் நிருவாகப் பெரியவர்களே, வங்கி முகாமையாளர் அவர்களே, கிராம உத்தியோகத்தர்களே, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துச் சகோதரிகளே, மருதமுனையிலிருந்து கைத்தறிச் சாரங்களோடு வந்து வெளியே மேசை போட்டிருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். இந்த மழையிலும் மண்டபத்தைத் திறந்து தந்த அம்மையாருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லாமல் தொடங்கினால் வண்ணக்கர் ஐயா என்னை விடமாட்டார். நன்றி அம்மா. தலைவர் தந்த நேரத்தில் ஒரு துண்டு இதிலேயே போய்விட்டது.

பேச ஒப்புக்கொண்டவை நான்கு விடயங்கள். எந்த வயதுக்காரர் எங்கே இருக்கிறார், அவரை எந்த நேரத்தில் பிடிக்கலாம், விளம்பரக் காசை எப்படிப் பிரிப்பது, முறைப்பாடு வந்தால் என்ன செய்வது. நான்குக்கும் ஒரே பழமொழிதான் என் கைமுதல்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

அளப்பதற்குப் பேஸ்புக்கே ஒரு கோல் தருகிறது. உங்கள் பேஜில் 'இன்சைட்ஸ்' பகுதிக்குப் போனால் பின்தொடர்பவர்களின் வயது, பால், ஊர் எல்லாம் வரும். இன்ஸ்டகிராமில் இது தெரிய வேண்டுமானால் கணக்கை முதலில் தொழில்முறைக் கணக்காக மாற்ற வேண்டும். ஆனால் அதை வேதவாக்காக எடுக்காதீர்கள். அந்த வயது, கணக்குத் திறந்த அன்று ஒருவர் தட்டிய பிறந்த ஆண்டு, அவ்வளவுதான். பெரியம்மாவுக்குப் பேஸ்புக் திறந்து கொடுத்த பெறாமகன் அவசரத்தில் தன் பிறந்த ஆண்டையே போட்டிருப்பான். 13 வயது ஆகாதவர்களுக்குக் கணக்கு இல்லை என்பதால் பத்து வயதுப் பிள்ளை 1995 இல் பிறந்திருக்கும்.

ஆகவே கடையில் ஒரு கொப்பி வையுங்கள். மூன்று நிரல்: பார்த்தவர் யார், விலை கேட்டவர் யார், காசு கொடுத்தவர் யார். பிறந்தநாள் கேக் ஒன்றை எடுங்கள். பதினாறு வயது மகள் இன்ஸ்டகிராமில் தெரிவு செய்கிறாள். அம்மா வட்ஸ்அப்பில் விலை கேட்கிறார். காசு அனுப்புகிறவர் சூரிச்சில் இருக்கும் மாமா. ஒரு கேக்குக்கு மூன்று வயது. மகளுக்குப் படம் வேண்டும், அம்மாவுக்கு விலை வேண்டும், மாமாவுக்கு வங்கிக் கணக்கு இலக்கமும் கேக் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு போட்டோவும் வேண்டும். நம்மில் பலர் மகளுக்கு மட்டும் கடை நடத்துகிறோம்.

செங்கலடிப் பக்கத்துத் தயிர்க்கடை ஒன்றின் கதையைச் சொல்கிறேன். இடத்தை இதற்குமேல் சொல்லமாட்டேன், சொந்தக்காரர் யாராவது மண்டபத்தில் இருக்கக்கூடும். கடை தகப்பனுடையது, பேஜ் மகனுடையது. மகன் தயிர்ச் சட்டியைத் தலைகீழாகப் பிடித்து, தயிர் விழாமல் நிற்பதைக் காட்டி ஒரு வீடியோ போட்டான். நல்ல வீடியோ, குறை சொல்ல முடியாது. எருமைத் தயிர் என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும். டிக்டொக்கில் பையன்கள் பின்னால் ஓடிய பாட்டின் பெயரைக் கேட்டார்கள். 'வேற லெவல்' என்றார்கள். ஒருவரும் தயிர் கேட்கவில்லை. அதே வீடியோ பேஸ்புக்குக்கும் போனது. அங்கே ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் வந்தார். பேத்தியின் சாமத்திய வீடு, அறுபது சட்டி தேவை. "விலை என்ன மனே?" என்று கொமன்டில் எழுதினார். மகன் எல்லோரும் எழுதுவதையே எழுதினான்: "இன்பொக்ஸ் பாருங்க."

அதிபரின் போனில் பேஸ்புக் இருக்கிறது, மெசெஞ்சர் இல்லை. (சிரிப்பு) விலை எங்கேயோ போய்க் கிடக்கிறது. அடுத்த நாள் அதிபர் திரும்ப வந்தார்: "விலை இன்னும் தெரியவில்லை." பதில்: "சேர், இன்பொக்ஸ்." மூன்றாம் நாள், தமிழ் படிப்பித்தவருக்குரிய நிறுத்தக்குறிகளோடு எழுதினார்: "தம்பி, யான் வினவியது விலை, முகவரி அன்று." (கைதட்டல்) அதற்குக் கீழே ஊர் கூடிவிட்டது. ஒருவர் 600 இருக்கும் என்றார். ஒருவர் அது போன வருட விலை என்றார். கட்டாரிலிருந்து ஒருவர், "நாங்க இருந்த காலத்தில..." என்று தொடங்கினார். இன்னொருவர், "சேர், என்னைத் தெரியுதா, உங்களிட்ட ஓ.எல். படிச்சனான்" என்றார். அதிபர் அவரையும் அவர் பிள்ளைகளையும் நலம் விசாரித்தார். இவ்வளவுக்கும் நடுவில் அடுத்த தெருத் தயிர்க்காரர் ஒரே வரி போட்டார்: விலை, தொலைபேசி இலக்கம், 'வீட்டுக்குக் கொண்டுவந்து தருவோம்'. அதிபரின் பதில்: "நன்று." அறுபது சட்டியும் போயிற்று. போனது மகனுடைய சொந்தப் பேஜில், மகனுடைய வீடியோவுக்குக் கீழே.

இளம் வயதுக்காரருக்கு இன்பொக்ஸ் ஒரு சிரமமே இல்லை, ஐந்து கடையில் ஒரேயடியாகக் கேட்பார். ஐம்பதைத் தாண்டியவருக்கு விலை கேட்பதே கூச்சம். கேட்டபின் வாங்காமல் விடுவது அதைவிடக் கூச்சம். அதனால் கேட்காமலே போய்விடுவார். போட்டிக்காரனுக்கு விலை தெரியக்கூடாது என்பீர்கள். அவன் மச்சானின் கணக்கிலிருந்து எப்போதோ கேட்டுவிட்டான். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் கடையில் விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்கச் சொல்கிறது. கடையில் வைப்பதைப் பேஜில் மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?

இனி வயது வாரியாக. இளையவர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நீங்களே அவர்களைப் பார்த்துத்தான் போடுகிறீர்கள். நிமிர்ந்த வீடியோ, 1080க்கு 1920 பிக்சல். பொருள் முதல் இரண்டு செக்கனில் தெரிய வேண்டும். விலையைக் கீழ்ப்பகுதியில் எழுதாதீர்கள், டிக்டொக்கிலும் ரீல்ஸிலும் பெயரும் விளக்கவரியும் அங்கே வந்து மூடிவிடும்.

பெரியவர்கள் விடயம் வேறு. அவர்களுக்கு வட்ஸ்அப்தான் கடைத்தெரு. அங்கே படம் கைமாறிக் கைமாறிப் போகும். நீங்கள் படத்துக்குக் கீழே தட்டிய வரி வழியில் கழன்றுவிடலாம். ஆகவே பொருள், விலை, அளவு, தொலைபேசி இலக்கம், ஊர் ஐந்தும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆறாவதாக ஒரு திகதி: 'இந்த விலை இன்ன திகதி வரை'. திகதி இல்லாத படம் ஆறு மாதம் கழித்தும் யாரோ ஒருவர் போனில் உயிரோடு இருக்கும், பழைய விலைக்கு வந்து சண்டை பிடிப்பார்கள். ஒரு படத்தில் ஒரு பொருள். மெல்லிய எழுத்து வேண்டாம், பூப்போட்ட பின்னணியில் மஞ்சள் எழுத்து வேண்டவே வேண்டாம். அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த எழுத்தை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். லிங்கை அனுப்பாதீர்கள், பயப்படுவார்கள். பயப்படுவதும் சரிதான்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வட்ஸ்அப் 'புரோட்காஸ்ட்' பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் இலக்கத்தைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது போகும். 'அனுப்பினேன், ஒருத்தரும் பார்க்கவில்லை' என்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். பெரியவர் கடைக்கு வரும்போது, அவர் சம்மதத்தோடு அவருடைய போனிலேயே சேமித்துக் கொடுங்கள். உங்கள் பெயரில் வேண்டாம், அவர் தேடும் பெயரில்: 'தயிர்க்கடை', 'சாரி பிளவுஸ் தையல்'.

நேரம். வெளிநாட்டு மாமாமார் எல்லோரும் காலையில் நாம் போடுவதைப் பார்ப்பார்கள் என்று இருக்காதீர்கள். இங்கே காலை 7 மணி என்றால் டொரன்டோவில் முந்தைய இரவு, கோடையில் 9.30, குளிர்காலத்தில் 8.30. அவர்களுக்கு அது சரியான நேரம். லண்டனில் அப்போது நடுச்சாமம் தாண்டிவிடும். லண்டனுக்கும் சூரிச்சுக்கும் நம் இரவு 11.30 பொருந்தும். நீங்கள் விழித்திருக்க வேண்டியதில்லை, பேஸ்புக் நிறுவனம் தரும் மெட்டா பிஸ்னஸ் சூட்டில் நேரம் குறித்து வைத்துவிட்டுப் படுக்கலாம்.

பூஸ்ட் போடுகிறவர்களுக்கு, அதாவது காசு கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டுகிறவர்களுக்கு: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. இதை நம்மூரில் சொல்லுக்குச் சொல் எடுக்க வேண்டும். விளம்பர வரைபடத்தில் கல்லடியில் ஒரு புள்ளி வைத்து 15 கிலோமீற்றர் வட்டம் போட்டால் பாதி வங்கக் கடல். கடலில் ஆள் இல்லை, காசு அங்கே போகாது. அது வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போகும். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைக்குப் பொருள் கொண்டுபோவது கஷ்டமில்லை. ஆனால் ஒரு கேக்குக்காகப் போனால் கூலி லாபத்தைத் தின்னும். கொண்டுபோய்க் கொடுக்கும் ஊர்களில் சிறிய சிறிய புள்ளிகளாக வையுங்கள்.

விளம்பரத்தின் வயதுக் கோல் 65+ வரை போகும். 65+ என்றால் 65உம் அதற்கு மேற்பட்ட எல்லோரும். ஆட்களைப் பேஸ்புக்கே தேடிக்கொள்ளும் 'அட்வான்டேஜ்' என்ற தெரிவு போட்டிருந்தால் நீங்கள் இடும் வயதெல்லை வெறும் பரிந்துரை, கட்டளை அல்ல; 45க்கு மேல் என்று போட்டாலும் 22 வயதுக்காரருக்குப் போகலாம். அதை மாற்றிவிட்டு, ஒரே படத்தை ஒரே தொகையில் 25–44, 45–65+ என இரண்டாகப் போடுங்கள். படத்தில் தொலைபேசி இலக்கம் மட்டும் இரண்டிலும் வெவ்வேறாக இருக்கட்டும். நான்கு நாள் கழித்து லைக்கை விட்டுவிட்டு அழைப்பை எண்ணுங்கள். 45–50 என்று இன்னும் மெல்லிதாக வெட்டாதீர்கள். நம் மாவட்டத்தில் ஆள் போதாமல் விளம்பரமே ஓடாது, ஓடினாலும் விலை ஏறும்.

தலைவர் துண்டு அனுப்பிவிட்டார். முறைப்பாடு பற்றிய நான்காவது விடயத்துக்கு இன்று இடமில்லை, வங்கி முகாமையாளர் ஐயாவும் பேச வேண்டும். ஒரு வேண்டுகோளை மட்டும் சபைமுன் வைக்கிறேன். சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் விலை இல்லாத படம் வந்தால் நிருவாகி அதை நீக்கிவிட வேண்டும். போட்டவர் விலையோடு திரும்பப் போடலாம். பிரதேச செயலாளர் அம்மையார் முன்னிலையிலேயே இதைத் தீர்மானமாக எடுக்கலாம் என்பது என் விருப்பம். எதிர்ப்பவர்கள் இருந்தால் தேநீர் இடைவேளையில் என்னைப் பிடியுங்கள், மருதமுனைச் சார மேசைக்குப் பக்கத்தில் நிற்பேன். அந்த மேசையிலும் விலை அட்டை இன்னும் வைக்கவில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். (சிரிப்பு) வணக்கம்.