பாஸ்போர்ட் ஆபீஸ்தான், வரிசையில் வாருங்கள்!

(அட்லாண்டா பக்கம் நம் ஆட்கள் நடத்திய பட்டிமன்றத்தில் பேசியது. தலைப்பு: ஒரு பேண்டை சதர்ன் ராக் (அமெரிக்கத் தென்மாநில ராக் இசை) பேண்டு ஆக்குவது மண்ணா, வாசிக்கிற சத்தமா? நான் 'மண்ணே' அணி.)

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, சாப்பாடு எப்போது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, வணக்கம். வணக்கம் இவ்வளவுதான். மணியடிக்கிற தம்பி இப்போதே என்னை முறைக்கிறார்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரே ஒரு கேள்வி கேட்டு மொத்தக் கைத்தட்டலையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார். "எந்த ஊரில் பிறந்தாய் என்று கேட்டுத்தான் பாட்டை ரசிப்பீர்கள் என்றால் இது இசை அரங்கமா, பாஸ்போர்ட் ஆபீஸா?" என்றார். நானும் தட்டினேன். நல்ல வசனம், சொன்ன விதமும் நன்றாக இருந்தது. ஆனால் அம்மா, நீங்கள் யாரிடம் இதைக் கேட்கிறீர்கள் என்று ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்திருக்கலாம். முன்வரிசையில் இருக்கிறவர் முகத்தைப் பாருங்கள். கிரீன் கார்டு எப்போது வரும் என்று கேட்டால் பேரன் கல்யாணத்துக்குள் வந்துவிடும் என்கிறார். அவருக்குப் பின்னால் இருக்கிறவர் விசா முத்திரைக்கு ஊருக்குப் போய்த் திரும்ப முடியாமல் மாமனார் வீட்டிலேயே கிடந்தவர். இவர்கள் நடுவில் வந்து நின்று பாஸ்போர்ட் ஆபீஸ் என்றால் கேலிப்பொருள் மாதிரி பேசினால் எப்படி?

சரி, பாஸ்போர்ட் ஆபீஸ்தான். ஒத்துக்கொள்கிறேன். கவுண்டரைத் திறந்துவிட்டேன், ஒவ்வொருவராக வரட்டும்.

முதல் ஆள், எதிரணியின் செல்லப்பிள்ளை, கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் பேண்டு. எந்த ஊர் தம்பி? எல் செரிட்டோ. அது எங்கே இருக்கிறது? கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு அக்கரையில். 1969-ல் 'பார்ன் ஆன் தி பயூ' என்று ஒரு பாட்டு போட்டார்கள். நான் லூசியானா பக்கத்துச் சதுப்பு ஓடையில் பிறந்தவன் என்று ஜான் ஃபோகர்ட்டி அடித்தொண்டையில் பாடுகிறார், அந்த ஓடைக்கரையில் ஒரு வாரம்கூடக் குடியிருந்தவர் இல்லை. அப்புறம் 'கிரீன் ரிவர்' வந்தது. ஆகா, இது மிசிசிப்பிதான் என்று நாமும் தலையாட்டினோம். அது சின்ன வயதில் அவர் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போன புட்டா ஓடை, அதுவும் கலிஃபோர்னியாவில்தான்! பாட்டு பிரமாதம், அதில் எனக்குத் தகராறே இல்லை. ஆனால் டூரிஸ்ட் விசாகூட எடுக்காத ஆளுக்கு நான் எந்தப் பக்கத்தில் முத்திரை குத்துவது? அடுத்தவர்.

அடுத்து, 'தி பேண்ட்' என்றே பேர் வைத்துக்கொண்ட பேண்டு. ஐந்து பேரில் நாலு பேர் கனடா. ஒரே ஒருத்தர், டிரம்ஸ் வாசித்த லெவன் ஹெல்ம், ஆர்கன்சாஸ்காரர், பருத்தி விவசாயி மகன். அவர் தயவில் மற்ற நாலு பேரும் டிபெண்டண்ட் விசாவில் வந்து நிற்கிறார்கள். இங்கேதான் நடுவர் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உள்நாட்டுப் போரில் தோற்றுப்போன தெற்கத்தி ஏழையின் ஒப்பாரியைப் பாட்டாக எழுதியது கனடாக்காரர் ராபி ராபர்ட்சன். அருமையாகத்தான் எழுதினார். ஆனால் பாடுவதற்கு யாரை நிறுத்தினார்கள்? ஆர்கன்சாஸ்காரரைத்தான் நிறுத்தினார்கள். சத்தம் போதும் என்றால் எழுதின ஆளே பாடியிருக்கலாமே! சகோதரி குறிப்பெடுக்கிறார், எடுக்கட்டும்.

இசட் இசட் டாப். ஹூஸ்டன். டெக்ஸாஸ் தெற்கில் சேர்த்தியா மேற்கில் சேர்த்தியா என்று டெக்ஸாஸ்காரர்களே இன்னும் பேசி முடிக்கவில்லை, நான் எங்கே முடிக்கிறது. ஆனால் 1976-ல் கிளம்பிய அந்தச் சுற்றுப்பயணத்தில் நீளக்கொம்பு மாடு, காட்டெருமை, பிணந்தின்னிக் கழுகு, சலங்கைப்பாம்பு எல்லாவற்றையும் உயிரோடு மேடைக்குக் கொண்டுபோனார்கள். மண்ணுக்கு ஆதாரம் காட்டு என்றால் மாட்டையே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிற ஆட்களிடம் மேற்கொண்டு என்ன கேட்பது? குத்தியாச்சு முத்திரை.

ஆர்.இ.எம். இதே ஜார்ஜியா, ஏதென்ஸ் ஊர். மண்தான் கணக்கு என்றால் அவர்களும் சதர்ன் ராக்தானா என்று எதிரணித் தம்பி மடக்கினார். அவர்கள் விண்ணப்பமே போடவில்லை தம்பி. சுமாரான பதில்தான். நேரம் குறைவு, அடுத்தவர்.

இப்போது வருகிறார் பாருங்கள் எட் கிங். சகோதரி இவரை வைத்துத்தான் எங்கள் அணியை ஒரே அடியில் சாய்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். 1974-ல் வந்த 'ஸ்வீட் ஹோம் அலபாமா', லினர்ட் ஸ்கினர்ட் பேண்டின் பாட்டு, அதை எழுதிய மூன்று பேரில் ஒருத்தர்கூட அலபாமா கிடையாது, ரோனி வான் சான்ட்டும் கேரி ராசிங்டனும் ஃபுளோரிடா ஜாக்சன்வில், மூன்றாவது ஆள் எட் கிங் சுத்தக் கலிஃபோர்னியா, லாஸ் ஏஞ்சல்ஸில் சைக்கடெலிக் பேண்டில் வாசித்துக்கொண்டிருந்தவர். எங்கே போயிற்று உங்கள் மண் என்று கேட்டார். நல்ல கேள்வி. எட் கிங் வந்தது ஹெச் ஒன் பி வேலை விசாவில், சகோதரி! வேலைக்கு ஆள் தேவை என்று கூப்பிட்டார்கள். பேஸ் கிடார் வாசிக்கிறவர் திடீரென்று விலகிப்போனார், அந்த இடத்துக்குத்தான் வந்தார். பழைய ஆள் திரும்பி வந்தவுடன் இவரை ஊருக்கு அனுப்பினார்களா? இல்லை, கையில் சாதா கிடாரைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். அப்படித்தான் ஸ்கினர்டுக்கு மூன்று கிடார் வந்தது.

வந்தவர் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் பக்கத்தில், காட்டுக்குள், தகரக் கூரை போட்ட ஒரு குடிசை. ஏ.சி. கிடையாது. ஃபுளோரிடா வெயில். அதற்கு அவர்களே வைத்த பேர் 'ஹெல் ஹவுஸ்', நரக வீடு. அந்தத் தகரத்துக்கு அடியில் பகலெல்லாம் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும், விரல் தானாகப் போகிறவரை. அந்த வீட்டில்தான் 'ஸ்வீட் ஹோம் அலபாமா' உருவானது. இவ்வளவு வியர்வை சிந்தினவருக்குக் கிரீன் கார்டு கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது? கடைசியில் 2018-ல் அவர் கண்ணை மூடியதும் டென்னசி நாஷ்வில்லில்தான்.

இன்னொன்று. அந்தப் பாட்டு பதிவானது அலபாமாவிலும் இல்லை, ஃபுளோரிடாவிலும் இல்லை. நாம் மீனும் கீரையும் வாங்கப் பூஃபர்ட் ஹைவேயில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறோமே, அந்த டோராவில்லில்! அங்கே ஸ்டுடியோ ஒன் என்று ஒரு இடம் இருந்தது, ஸ்கினர்டின் 'ஃப்ரீ பேர்டு' பாட்டும் 1973-ல் அங்கேதான் பதிவானது. அடுத்த தடவை போகும்போது கொத்தமல்லிக் கட்டைக் கூடையில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மண் மண் என்கிறேனே, எது மண்? அதற்கு ஒரு கதை இருக்கிறது. தெரிந்தவர்கள் இன்னொரு தரம் கேளுங்கள். 1969. ஆல்மன் பிரதர்ஸ் பேண்டு ஜாக்சன்வில்லில் சேர்ந்து, அப்புறம் மேக்கனுக்கு வந்துவிட்டார்கள். இங்கிருந்து எழுபத்தைந்தாம் நெடுஞ்சாலையில் எண்பது சொச்சம் மைல். பாடகர் ஓடிஸ் ரெட்டிங் வளர்ந்த ஊர், பாடகர் லிட்டில் ரிச்சர்டு பிறந்த ஊர். ஆறு பேர். தலைமுடி தோளுக்குக் கீழே. ஐந்து பேர் வெள்ளையர், ஒருவர் ஜெய்மோ, மிசிசிப்பிக் கறுப்பர், ஓடிஸுக்கே டிரம்ஸ் வாசித்தவர். ஓட்டலில் எல்லாருக்கும் ஒரே வாசல் என்று சட்டம் வந்து ஐந்தே வருஷம் ஆன ஜார்ஜியா. இந்த ஆறு பேரும் சேர்ந்து தெருவில் நடந்தால் ஊர் எப்படிப் பார்த்திருக்கும்! பையில் காசு கிடையாது. பசி மட்டும் ஆளுக்கு ரெண்டு ஆள் பசி.

ஹெச் அண்ட் ஹெச் என்று ஒரு சின்ன ஓட்டல். இனெஸ் ஹில், லூயிஸ் ஹட்சன் என்று இரண்டு கறுப்பினப் பெண்கள் நடத்தியது. பொரித்த கோழி, கீரை, சோள ரொட்டி. உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். என்ன வேண்டும்? ரெண்டு தட்டு. எத்தனை பேர்? அதைச் சொல்லாமல், கூடக் கொஞ்சம் முள்கரண்டி கிடைக்குமா என்றார்கள். ஐந்து கரண்டி என்பார்கள் சிலர், ஆறு என்பார்கள் சிலர், மேக்கனில் கதை சொல்கிறவரின் பசியைப் பொறுத்து அந்தக் கணக்கு கூடும். கரண்டியை விடுங்கள், தட்டு ரெண்டுதான். ஒரே கோழித் துண்டுக்கு ரெண்டு கை நீள்கிறது, ஒரு கை கௌரவமாகப் பின்வாங்குகிறது, கீரையை மட்டும் எடுத்துக்கொள் என்று ஒருத்தன் கண்ணாலேயே சொல்கிறான். ஹாஸ்டலில் இருந்தவர்கள் சிரிக்கிறீர்கள், பாருங்கள், உங்களுக்குத் தெரியும்! லூயிஸ் அம்மா அடுப்படியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்துவிட்டு என்ன செய்தார்? ஆளுக்கு ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தார். காசு? வரும்போது கொடுங்கள்.

யோசித்துப் பாருங்கள். 'பாஸ்போர்ட் எங்கே' என்று அந்த அம்மா கேட்கவில்லை என்று எதிரணி இப்போது துள்ளும். கேட்கவில்லைதான்! ஆனால் தட்டு வைத்தாரே, அது ஒரு முத்திரை இல்லையா? 1972-ல் காசு வந்தபிறகு அந்தப் பையன்கள் சுற்றுப்பயணத்துக்கு லூயிஸ் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நம் ஊர் சபா நாடகக்காரர்கள் சமையல்காரரைக் கூட்டிப்போனது மாதிரி இல்லை, தாயைக் கூட்டிப்போனார்கள். எல் செரிட்டோவில் உட்கார்ந்து எத்தனை தரம் கிடாரைத் தட்டினாலும் அந்தத் தட்டு வராது நடுவர் அவர்களே.

ஆல்மன் பிரதர்ஸ் பாடகர் கிரெக் ஆல்மனுக்கே இந்த 'சதர்ன் ராக்' என்ற பேர் பிடிக்காது என்று சகோதரி சொன்னார். உண்மை. ராக் பிறந்ததே தெற்கில்தான், அதற்கு மேல் சதர்ன் என்று ஏன் ஒட்டுகிறீர்கள் என்பது அவர் கேள்வி. அம்மா, அது எங்கள் அணிக்கு அவர் போட்ட ஓட்டு. அவர்களுடைய பெரிய ஆல்பம் 1971-ல் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கத்தில் பதிவானதே என்றும் கேட்டார். கச்சேரிக்குப் போன ஊரில் பதிவானது. வெளியூர் போய்ப் பாடினால் சொந்த ஊர் மாறிவிடுமா? உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காக நின்று தோற்ற தெற்குப் பக்கத்துக் கொடியை எழுபதுகளில் ஸ்கினர்ட் மேடையில் கட்டியதையும் கிளறினார்கள். நான் ஓடி ஒளியவில்லை. ஜெய்மோவைப் போன்ற ஒருவர் அந்தக் கொடியைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். மண் என்றால் அந்த வெட்கமும் சேர்ந்துதான், இதை மட்டும் கழுவிவிட்டுக் கொடு என்று கேட்க முடியாது.

நேரமாகிவிட்டது, ஒரே விஷயம் சொல்லிவிட்டு உட்கார்கிறேன்.

கிரெக்கின் அண்ணன், கிடார் வாசித்த டுவேன் ஆல்மன், 1971 அக்டோபர் 29, மேக்கன் தெருவில் மோட்டார்சைக்கிள் விபத்து. வயது 24. அடுத்த வருஷம் நவம்பரில் பெரி ஓக்லி, அதே பேண்டு, அதே ஊர், மூன்று தெரு தள்ளி, அவரும் மோட்டார்சைக்கிள், அவருக்கும் 24. இரண்டு பேரும் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில். 2017-ல் கிரெக்கும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

அப்புறம் 1977 அக்டோபர் 20. ஸ்கினர்ட் புது ஆல்பம் வெளிவந்து மூன்றாவது நாள். கிரீன்வில்லிலிருந்து பேட்டன் ரூஜுக்குப் போகிற விமானம், எரிபொருள் தீர்ந்து மிசிசிப்பி கில்ஸ்பர்க் காட்டில் விழுந்தது. ஆறு பேர் இறந்தார்கள். பாடகர் ரோனி போனார். பின்னணி பாடின கேசி கெயின்ஸ் போனார். அவர் தம்பி ஸ்டீவ் கெயின்ஸ், கிடார் வாசிக்கிறவர், முந்தின வருஷம்தான் சேர்ந்தார், எப்படிச் சேர்ந்தார்? என் தம்பி நன்றாக வாசிப்பான், ஒரு தடவை கேட்டுப்பாருங்கள் என்று அக்காதான் சொன்னார். அந்த அக்காவும் தம்பியும் ஒரே விமானத்தில். தம்பிக்கு 28 வயது.

விலா எலும்பு உடைந்த டிரம்மர் ஆர்டிமஸ் பைல் காட்டைக் கடந்து ஒரு பண்ணை வீட்டுக்கு நடந்தே போய் உதவி கேட்டார். அந்தச் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் இருட்டில் ஓடையில் இறங்கிச் சேற்றில் நடந்துபோய் ஆட்களைத் தூக்கினார்கள். என்ன பாட்டு, என்ன பேண்டு என்று கேட்டுக்கொண்டா தூக்கினார்கள்? பத்து வருஷம் கழித்து 1987-ல் மறுபடி மேடையேறினபோது 'ஃப்ரீ பேர்டு'க்கு ரோனியின் இடத்தில் பாட வந்த அவர் தம்பி ஜானி பாடவில்லை, பேண்டு வாசிக்க மட்டும் செய்தது, கூட்டம்தான் பாடியது. கேரி ராசிங்டன் 2023-ல் போனபோது தொடங்கின ஆட்களில் ஒருவரும் மிச்சமில்லை.

தம்பி, மணி கேட்டுவிட்டது, இன்னும் அடிக்காதே. நடுவர் அவர்களே, கிரீடன்ஸ் பாட்டை நாளைக்கும் காரில் போடுவேன், முத்திரை மட்டும் கிடையாது. இதோ, ஸ்டீவ் கெயின்ஸின் பேப்பரை உங்கள் மேசையில் வைக்கிறேன். பிறந்தது மிசூரி, வளர்ந்தது ஓக்லஹோமா என்று போட்டிருக்கிறது. சகோதரி சந்தோஷமாகச் சிரிக்கிறார், என் வாதத்துக்கு நானே ஓட்டை போட்டுவிட்டேனாம். இருக்கட்டும் அம்மா. அந்தப் பேப்பரை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு, இவன் இந்த மண்ணுக்காரன் இல்லை என்று இந்த அரங்கத்தில் உரக்கச் சொல்லுங்கள், நான் தோற்றதாக ஒத்துக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.