கோப்பி ஓ காவ்: குடிச்ச பிறகு களைப்பு எங்கே போகுது?

[காட்சி: விடியற்காலை, சிலாங்கூர் மாநிலத்தின் பந்திங். ஒட்டுக்கடையில் கோப்பி ஆற்றும் கை]

வணக்கம். பந்திங் ஒட்டுக்கடைகள்ல இந்த நேரத்துக்கு ரெண்டு வகை ஆளுங்க வருவாங்க. செம்பனைத் தோட்டத்துக்கு வேலைக்குக் கிளம்புறவங்க ஒரு பக்கம். விமான நிலையத்துலயும் கிள்ளான் துறைமுகத்துலயும் இராத்திரி ஷிப்ட் முடிச்சிட்டு வர்றவங்க இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் கேட்கிறது, "அண்ணே, கோப்பி ஓ, காவ்!" பால் சேர்க்காத கடுங்கோப்பிதான் அது. முதல் ஆளுக்கு அந்தக் கோப்பி உதவும். ரெண்டாவது ஆளோட பகல் தூக்கத்தை அது கெடுக்கும். ஏன்னு பார்ப்போம்.

கோப்பி கருப்பா, கசப்பா இருந்தா, தூக்கத்தை விரட்டுற பொருளான கஃபீனும் அதிகம்னு நம்மள்ல பல பேர் நினைக்கிறோம். அந்தக் கருப்பு பெரும்பாலும் வறுவல்ல வர்றது. நம்ம ஊர்ல கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பாங்க. சீனி கருகித்தான் அந்த நிறமும் கசப்பும். கஃபீன் எவ்வளவுங்கிறதை முடிவு பண்றது கொட்டையோட இனமும் போடுற தூளோட அளவும்தான். ரொபஸ்டாவுல, அராபிக்காவைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு கஃபீன் இருக்கு. மலேசியாவுல அதிகமா பயிராகிற லைபீரிக்காவுல ரொபஸ்டாவை விடக் குறைவு. "ஆகக் கடுமையான கோப்பி"ன்னு பாக்கெட்டுல போட்டு விற்கிற பலதும் ரொபஸ்டாவை நம்பித்தான் அப்படிச் சொல்லுது.

லைபீரிக்கா பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லியே ஆகணும். 1890கள்ல சிலாங்கூர்ல ரப்பருக்கு முன்னாடி இருந்தது கோப்பித் தோட்டம். பால் மரம் சீவுறதுக்கு முன்னாடி கோப்பிப் பழம் பறிச்ச கைகள்ல நம்ம தமிழர் கைகளும் உண்டு. பிரேசில்ல விளைச்சல் பெருகி உலக விலை சரிஞ்ச பிறகுதான் அந்தத் தோட்டங்கள் ரப்பருக்கு மாறுச்சு. நம்ம பிள்ளைங்களுக்கு இது தெரியணும்.

[காட்சி: மூளை நரம்பின் வரைபடம்]

சரி, உடம்புக்குள்ள போவோம். நாம முழிச்சிருக்கிற நேரமெல்லாம் மூளையில அடினோசின்னு ஒரு பொருள் சேர்ந்துக்கிட்டே வரும். நரம்புல அதுக்குன்னே இருக்கிற ஏற்பிகள்ல அது போய் உட்கார உட்கார, கண்ணைச் சொக்கும். கஃபீனோட வடிவம் கிட்டத்தட்ட அடினோசின் மாதிரி. கல்யாண மண்டபத்துல தாய்மாமனுக்குப் போட்ட நாற்காலியில வேற யாரோ உட்கார்ந்துக்கிட்ட மாதிரி, கஃபீன் அந்த ஏற்பியைப் பிடிச்சுக்கும். மாமன் திரும்பிப் போயிடல. பக்கத்துலயே நிக்கிறாரு, அவரோட ஆளுங்களும் வந்துக்கிட்டே இருக்காங்க. கஃபீன் இடத்தை விட்டதும் அவ்வளவு அடினோசினும் ஒண்ணா வந்து உட்காரும். சில மணி நேரம் சுறுசுறுப்பா இருந்தவருக்குத் திடீர்னு உடம்பு தொய்யுறது இதனாலதான். கோப்பி களைப்பை மறைக்குது, அவ்வளவுதான். போக்கணும்னா தூங்கணும்.

கூடவே அட்ரினலின் கூடும். ரத்த அழுத்தம் கொஞ்ச நேரத்துக்கு ஏறும். பழக்கமில்லாதவங்களுக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். வயித்துல அமிலமும் சுரக்கும். பசியாறாம வெறும் வயித்துல குடிச்சா சிலருக்கு எரியுறது அதனாலதான்.

இப்ப ஷிப்ட் வேலைக்காரங்க கவனமா கேளுங்க. உள்ளே போன கஃபீன்ல பாதி வெளியேறச் சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகும். காலை நாலு மணிக்கு 200 மில்லிகிராம் குடிச்சிருந்தா, ஒன்பது மணிக்கு நீங்க படுக்கும்போது 100 மில்லிகிராம் இன்னும் ரத்தத்துல இருக்கு. அது ஏறக்குறைய ஒரு கப் கோப்பிக்குச் சமம். 2013ல அமெரிக்காவுல வந்த ஓர் ஆய்வுல, படுக்கிறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் எடுத்தவங்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல தூக்கம் குறைஞ்சுது. அதனால ஷிப்டோட முதல் பாதியில குடிங்க, பின்பாதியில வேணாம்.

இந்த அஞ்சு மணி நேரக் கணக்கு எல்லாருக்கும் ஒண்ணு இல்ல. சிகரெட் பிடிக்கிறவங்களோட ஈரல் கஃபீனை வேகமா கரைக்கும். அவங்க சிகரெட்டை விட்டுட்டா, அதே கோப்பி முன்னைவிட அதிக நேரம் உடம்புல நிக்கும். கருத்தடை மாத்திரை எடுக்கிறவங்களுக்கு நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கர்ப்பத்தோட கடைசி மாதங்கள்ல 15 மணி நேரம் வரைக்கும் போகும், குழந்தைக்கும் அது போய்ச் சேரும்.

வீட்டுக்கு வண்டி ஓட்டும்போது கண்ணு சொருகினா? தயவுசெஞ்சு ஓரமா நிறுத்துங்க. 1990கள்ல இங்கிலாந்தோட லஃப்பரோ பல்கலைக்கழகத்துல ஓட்டுநர்களை வச்சுச் சோதிச்சாங்க. 150 மில்லிகிராம் கஃபீன் குடிச்ச கையோட கால் மணி நேரத்துக்கும் குறைவா ஒரு குட்டித் தூக்கம் போட்டவங்க நல்ல விழிப்போட ஓட்டினாங்க. கஃபீன் வேலை செய்ய ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள அந்தச் சின்னத் தூக்கமும் தன் பங்கைச் செஞ்சுடும். பகல்ல தூங்க முடியாம போனாலும் பரவாயில்ல, உயிரோட வீடு போய்ச் சேரணும்.

[காட்சி: கப்புகளும் எனர்ஜி டிரிங்க் டின்னும் வரிசையாக]

அளவு என்ன? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல சொன்னது: ஆரோக்கியமான பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரைக்கும், ஒரே தடவையில 200 வரைக்கும் கவலையில்ல. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுக்கவே 200தான். பிள்ளைங்களுக்கு எடையில ஒவ்வொரு கிலோவுக்கும் 3 மில்லிகிராம். 25 கிலோ பையனுக்கு அது 75. சாதாரணமா 250 மில்லி எனர்ஜி டிரிங்க் டின் ஒண்ணுலயே 80 இருக்கு. பள்ளி முடிஞ்சு வர்ற பிள்ளை கையில அந்த டின்னைப் பார்த்தா வாங்கி வச்சுடுங்க.

குறைக்கணும்னு முடிவு பண்ணினவங்க ஒரே நாள்ல நிறுத்தாதீங்க. பன்னிரண்டிலிருந்து இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள தலைவலி ஆரம்பிச்சு, சில நாள் படுத்தும். வாரத்துக்கு ஒரு கப் வீதம் படிப்படியா குறைச்சுக்கிட்டே வந்தா உடம்பு பழகிக்கும். ஆனா படபடப்போட நெஞ்சு வலியோ மயக்கமோ சேர்ந்து வந்தா, "கோப்பி சூடு"ன்னு சொல்லி வீட்டுல உட்கார்ந்திருக்காதீங்க. உடனே மருத்துவமனைக்குப் போங்க.