சித்தாளும் ஆறடி மனிதனும்

அனைவருக்கும் வணக்கம். என்னை அறிமுகம் செய்த நண்பர், சண்டிகரை ஆராய்ந்து திரும்பியவன் என்றார். அவ்வளவு பெரிய பட்டம் எனக்கு வேண்டாம். காலையில் புதுடெல்லியில் சதாப்தி ஏறினேன். அன்று இரவே வீட்டுக்கு வந்துவிட்டேன். இடையில் கிடைத்த நேரத்தில் பெரும்பகுதியை ஒரே கட்டடத்துக்குள் கழித்தேன்.

சண்டிகர் 'செக்டர்' என்ற எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட நகரம். 19ஆம் செக்டரில், அந்த நகரை வடிவமைத்த கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேவின் பெயரில் இருக்கும் மையம்தான் அது. நகரைத் திட்டமிட்டவர்கள் 1950களில் உட்கார்ந்து வரைந்த அலுவலகமே இன்று காட்சிக்கூடம். பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போக, பஞ்சாபுக்குப் புதுத் தலைநகர் தேவைப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். நேராக அங்கே வைத்திருக்கும், நகரம் கட்டப்பட்ட காலத்துப் புகைப்படங்களுக்கு வருகிறேன்.

முதலில் என்னைத் திகைக்க வைத்தது, அந்தப் படங்களில் மரமே இல்லாததுதான். வெறும் பொட்டல்; பின்னால் சிவாலிக் மலை; நடுவில் கான்கிரீட். நான் ஆட்டோவில் வந்த வழியெல்லாம் நிழல், கட்டடங்கள் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. எந்தச் சாலைக்கு எந்த மரம் என்று முடிவு செய்ததில் எம்.எஸ். ரந்தாவா என்ற ஐ.சி.எஸ். அதிகாரிக்குப் பெரும் பங்கு உண்டு. தாவரவியல் படித்தவர். கொர்பூசியேவைத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் இந்த அவை முழுதும் தூக்கும். ரந்தாவாவுக்கு எத்தனை கை எழும்?

கை என்றதும் சொல்ல வந்தது நினைவுக்கு வருகிறது. கட்டட வேலைப் படங்களில் சித்தாள்கள் இருக்கிறார்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் கான்கிரீட் நிறைந்த பாண்டு, சரிவில் வரிசையாக ஏறுகிறார்கள். படம் எடுக்கிற உங்களுக்குத் தெரியும்: பெரிய சுவரின் உயரம் புரிய, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்தப் பெண்கள் அதற்குத்தான் பயன்பட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

கொர்பூசியேவிடமும் ஓர் அளவுகோல் மனிதன் உண்டு. 'மாடுலர்' என்று பெயர். 1.83 மீட்டர் உயரம், அதாவது ஆறடி. ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி நிற்பான், விரல் நுனி வரை 2.26 மீட்டர். கட்டடங்களின் அளவுகளை அவனை வைத்தே அவர் கணக்கிட்டார். நான் ஒரு படத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டேன். அதில் ஒரு சித்தாள் பாண்டு சரியாமல் இருக்க ஒரு கையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருக்கிறாள். அதே நிலை! ஆனால் அவள் ஐந்தடி இருந்தாலே அதிகம். காலில் செருப்பில்லை. அவன் கை வெறுமையாகத்தான் உயர்ந்திருக்கிறது. எந்த உடலை வைத்து அளந்தார்கள், எந்த உடல் கட்டியது என்பதை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க அந்த ஒரு படம் எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த மயக்கத்தில் நேரம் போனதே தெரியவில்லை. சில செக்டர்தானே, சட்டமன்றமும் உயர் நீதிமன்றமும் தலைமைச் செயலகமும் உள்ள கேபிடல் வளாகத்துக்கு நடந்துவிடலாம் என்று கிளம்பியது என் முட்டாள்தனம். ஒவ்வொரு செக்டரும் 800 மீட்டருக்கு 1200 மீட்டர். அந்த வளாகத்துக்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள். அந்த நேரத்தையும் தவறவிட்டேன். அங்கே நிற்கும், கொர்பூசியே வடிவமைத்த 26 மீட்டர் உயரமுள்ள 'திறந்த கரம்' சிற்பத்தைப் பார்க்காமலே ரயில் ஏறினேன்.

ஒரேயொரு ஆறுதல், அந்தச் சித்தாளைக் கைப்பேசியில் படம் எடுத்திருந்தேன். ரயிலில் திறந்து பார்த்தால், கண்ணாடிச் சட்டத்தில் குழல்விளக்கு பட்டு, பாண்டு இருந்த இடம் வெள்ளையாக எரிந்திருக்கிறது. உயர்ந்த கை மட்டும் தெரிகிறது. அதை உங்களுக்குக் காட்ட வெட்கமாக இருக்கிறது. மறுபடி போய் ஒழுங்காக எடுத்து வருகிறேன்.