ஊசி குத்தினால் பரவுமா?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் நோய்க்குறியியல் மருத்துவர். அறுவை அரங்கிலிருந்து வரும் சதைத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து இது இன்ன நோய் என்று எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. அதனால் நோயாளிகளுக்கு எங்கள் முகம் அவ்வளவாகத் தெரியாது. ஒரே ஒரு பரிசோதனைக்கு மட்டும் அவர்கள் நேராக எங்களிடம் வருவார்கள். கட்டிக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்திக் கொஞ்சம் உயிரணுக்களை உறிஞ்சி எடுக்கும் பரிசோதனை அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊசியோடு உட்கார்ந்திருந்தேன். அந்த அறையில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "டாக்டர், ஊசி குத்தினால் பரவிவிடாதா?" என்பதுதான். கட்டி புற்றுநோயாக இருந்தால், ஊசி பட்டதும் அது உடம்பெங்கும் பரவிவிடும் என்ற பயம்.

ஒரு பெண்மணி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி, வலி இல்லை. வலி இல்லாததாலேயே பல மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். துணைக்கு அண்ணன் வந்திருந்தார். நான் ஊசியைக் கையில் எடுத்ததும் அந்த அண்ணன் எழுந்து நின்றுகொண்டார். "வேண்டாம் டாக்டர். எங்கள் தெருவில் ஒருவருக்குக் கத்தி வைத்த மூன்றாவது மாதமே உடம்பெல்லாம் பரவிவிட்டது. குளவிக் கூட்டைக் கலைத்துவிடாதீர்கள்" என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எட்டு மாதம் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். நெல்லிக்காய் எலுமிச்சம்பழம் ஆகியிருந்தது. அக்குளில் நெறி கட்டியிருந்தது. அறுவை முடிந்து அந்த நெறி, அதாவது நிணநீர்க்கணு, என் மேசைக்கு வந்தது. அவரைக்கொட்டை வடிவில் இருந்தது. குறுக்கே சீவிச் சாயமேற்றிப் பார்த்தேன். நல்ல நிணநீர்க்கணு நுண்ணோக்கியில் எப்படி இருக்கும் தெரியுமா? ஊதா நிறத்தில் கேழ்வரகை அள்ளிக் கொட்டியதுபோல் பொடிப்பொடியான உயிரணுக்கள் நெருக்கமாக இருக்கும். இந்தக் கணுவில் அந்தக் கேழ்வரகுக்கு நடுவே மொச்சைக் கொட்டைகள் போலப் பெரிய புற்று உயிரணுக்கள் கூட்டம் கூட்டமாகக் கிடந்தன. உறைக்குச் சற்று உள்ளே, நிணநீர் வந்து நுழைகிற ஓரத்தில்தான் அவை முதலில் இறங்கியிருந்தன. கவனித்துப் பார்த்தால் ஒரு கூட்டம் வட்டமாகக் கைகோத்து நடுவே ஓர் ஓட்டை விட்டிருந்தது. பால் குழாய் கட்டப் பார்க்கிறது! அக்குளில் எதற்குப் பால் குழாய்? அது பிறந்த இடத்துப் பழக்கம். பிறந்த இடம் என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் அதற்கு வருவேன்.

அந்த அண்ணன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தங்கைமேல் வைத்த பாசத்தால்தான் அவர் பயந்தார். அவர் தெருவில் நடந்ததும் பொய்யாக இருக்காது. ஆனால் கத்தி வைத்து மூன்று மாதத்தில் நுரையீரலிலும் கல்லீரலிலும் கட்டி தெரிகிறதென்றால், அந்த உயிரணுக்கள் கத்தி படுவதற்கு வெகு காலம் முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளர மாதங்கள் போதாது, பெரும்பாலும் ஆண்டுகள் வேண்டும். பழி மட்டும் கடைசியாக வந்த கத்தியின்மேல் விழுந்துவிட்டது.

கட்டி தன் உயிரணுக்களை வெளியே அனுப்புவதற்கு நம் ஊசிக்காகக் காத்திருப்பதில்லை. எலிகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு கிராம் கட்டியிலிருந்து ஒரு நாளில் இலட்சக்கணக்கான புற்று உயிரணுக்கள் இரத்தத்தில் இறங்குகின்றன. அப்படியானால் உடம்பு முழுக்கக் கட்டியாக அல்லவா இருக்க வேண்டும்? ஏன் இல்லை?

இதற்கு விடை தேடிய ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டீபன் பாஜெட், லண்டன் அறுவை மருத்துவர். 1889ஆம் ஆண்டு, முப்பத்து மூன்று முப்பத்து நான்கு வயதில், லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுக் குறிப்புகளை வைத்துக்கொண்டு எண்ணினார். எந்த உறுப்பில் எத்தனை பேருக்குப் பரவியிருக்கிறது என்ற வெறும் கணக்குதான். அன்றைக்குப் பலரும் நினைத்தது என்னவென்றால், இரத்தம் அடித்துக்கொண்டு போகிறது, எங்கே சிக்குகிறதோ அங்கே வளர்கிறது என்பது. அப்படியென்றால் இரத்தம் தாராளமாகப் பாய்கிற உறுப்புகளிலெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி பரவியிருக்க வேண்டும். கல்லீரலுக்கும் இரத்தம் தாராளம், மண்ணீரலுக்கும் தாராளம். பாஜெட்டின் கணக்கில் கல்லீரலில் 241 பேருக்குப் பரவியிருந்தது. மண்ணீரலில் பதினேழே பேருக்கு!

அந்தப் பதினேழில்தான் அவர் நின்று யோசித்தார். செடி முற்றினால் விதை எல்லாத் திசையிலும் பறக்கும், ஆனால் தோதான மண்ணில் விழுந்தது மட்டுமே முளைக்கும் என்று எழுதினார். எல்லோரும் விதையை மட்டுமே ஆராய்கிறோம், நிலத்தையும் யாராவது பார்க்க வேண்டாமா என்பது அவர் ஆதங்கம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். நம் மொழியில் மண்ணீரல் என்று பேரிலேயே மண்ணை வைத்திருக்கிறோம். மார்பகப் புற்றின் விதை அங்கேதான் முளைக்க மறுக்கிறது.

விவசாயம் தெரிந்த வீடுகளில் இதற்கு விளக்கமே தேவையில்லை. ஒரு பிடி விதையைக் கரிசலிலும் வீசுங்கள், பாறையிலும் வீசுங்கள். விதையில் குறையில்லை, பாறையில் முளைக்காது, அவ்வளவுதான்.

பாஜெட் சொன்னதைப் பல பத்தாண்டுகள் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஐசையா ஃபிட்லர் என்பவர் வந்தார். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்காவில் புற்று ஆராய்ச்சிக்கு வந்தவர். கதிரியக்க அடையாளம் இட்ட புற்று உயிரணுக்களைச் சுண்டெலிகளின் இரத்தத்தில் செலுத்தி, அவற்றின் கதி என்னவென்று பின்தொடர்ந்தார். 1970இல் வெளியிட்டார். ஒரு நாள் முடிவதற்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்துப்போயிருந்தன. இரண்டு வாரத்தில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஒன்றுதான் மிஞ்சியது. இரத்த ஓட்டத்தின் வேகமே பலவற்றைக் கிழித்துவிடுகிறது, எதிர்ப்பு உயிரணுக்கள் பலவற்றை விழுங்கிவிடுகின்றன, மிஞ்சியவை தம்மைவிடக் குறுகலான நுண்குழாய்களில் நசுங்கிச் சாகின்றன. நம் உடம்பு அவ்வளவு எளிதில் இடம் கொடுத்துவிடாது, நேயர்களே.

1980இல் இயன் ஹார்ட் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த சோதனை இன்னும் அழகு. சுண்டெலிகளின் உடம்பில் வேறோர் இடத்தில் நுரையீரல் துண்டு, சூலகத் துண்டு, சிறுநீரகத் துண்டு ஆகியவற்றை ஒட்டுப் போட்டு வளர்த்தார்கள். பிறகு தோல் புற்று வகை உயிரணுக்களை இரத்தத்தில் விட்டார்கள். எலியின் சொந்த நுரையீரலில் கட்டி வந்தது. ஒட்டுப் போட்ட நுரையீரலிலும் சூலகத்திலும் வந்தது. ஒட்டுப் போட்ட சிறுநீரகத்தில் மட்டும் வரவில்லை. அதே எலி, அதே இரத்தம், நிலம்தான் வேறு. பாஜெட் சொல்லித் தொண்ணூற்றொரு ஆண்டு கழித்து நிரூபணம்!

இப்போது அந்த அண்ணனின் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். நாள்தோறும் இலட்சக்கணக்கில் தானாகவே வெளியேறி, அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போகிற இடத்தில், ஒரு மெல்லிய ஊசி எவ்வளவு கூட்டிவிட முடியும்? ஆபத்தே கிடையாது என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு மனம் இல்லை. ஊசி போன தடத்தில் சில உயிரணுக்கள் தங்கி வளர்வது அபூர்வமாக நடக்கிறது. அது தெரிந்துதான் விதைப்பையில் கட்டி என்றால் தோல் வழியே ஊசி குத்த மாட்டோம். எலும்புக் கட்டியில், பின்னால் அறுவை செய்கிறவர் ஊசித் தடத்தையும் சேர்த்து அகற்றும்படி வழியைத் திட்டமிட்டுச் செய்வோம். மார்பில் தட்டுப்படும் கட்டிக்கு ஊசிச் சோதனை வேண்டாம் என்று எட்டு மாதம் போக்குவதுதான் பேராபத்து. பரவுவது ஊசியால் இல்லை, அந்த எட்டு மாதத்தால். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

அடுத்தது பிறந்த இடம். மார்பிலிருந்து கல்லீரலுக்குப் போன புற்று, கல்லீரல் புற்று ஆகிவிடாது. கல்லீரலில் குடியிருக்கும் மார்பகப் புற்று அது. திருநெல்வேலிக்காரர் சென்னையில் குடியேறி நாற்பது வருடம் ஆனாலும் வாயைத் திறந்தால் நெல்லைப் பேச்சு வரத்தானே செய்யும்? மருந்தும் பிறந்த இடத்துக்குத் தக்கபடிதான். "அம்மாவுக்குக் கல்லீரலில் வந்திருக்கிறது, ஏன் மார்பகப் புற்று மருந்தே கொடுக்கிறார்கள்?" என்று பிள்ளைகள் கலங்கிப்போய்க் கேட்பார்கள். சரியான மருந்தைத்தான் கொடுக்கிறார்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1940களில் நியூயார்க்கில் மான்டிஃபியோர் மருத்துவமனைக்கு ஒருவர் வந்தார். பல ஆண்டுகளுக்கு முன்பே தைராய்டு சுரப்பியை அறுத்து எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் அவருக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் அறிகுறிகள்! உடல் இளைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. சுரப்பியே இல்லாதவருக்குச் சுரப்பு எங்கிருந்து வருகிறது? சாமுவேல் சைட்லின் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தார்கள். பழைய தைராய்டு புற்றின் உயிரணுக்கள் உடம்பின் வேறு இடங்களில் குடியேறி, அங்கே உட்கார்ந்துகொண்டு தைராய்டு ஹார்மோனைத் தயாரித்துக்கொண்டிருந்தன. தைராய்டு அயோடினை உறிஞ்சும். அந்தக் குணமும் போகவில்லை. கதிரியக்க அயோடினைக் கொடுத்தார்கள். எங்கெங்கே ஒளிந்திருந்தனவோ அங்கெல்லாம் அவை அதை இழுத்துக்கொண்டன. அதன் கதிர்வீச்சே அவற்றைத் தாக்கியது. அவர் உடல் தேறியது. 1946இல் எழுதி வெளியிட்டார்கள். இன்றைக்கும் பரவிய தைராய்டு புற்றுக்குப் பல நோயாளிகளிடம் இதே வழியைத்தான் பின்பற்றுகிறோம்.

நேரம் நெருங்கிவிட்டதாக நிலைய நண்பர் சைகை காட்டுகிறார். எலும்பைப் பற்றி நிறையப் பேச எண்ணியிருந்தேன், ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்று எலும்புக்குப் போனால், எலும்பைக் கரைப்பதற்கென்று உடம்பு வைத்திருக்கும் உயிரணுக்களையே அது தூண்டிவிடுகிறது, கரையும் எலும்பிலிருந்து வெளிவரும் பொருள்களை உண்டு வளர்கிறது. எலும்பு அடர்த்தி குறையும் நோய்க்குத் தரும் மருந்து வகைகளை இங்கேயும் தருவது அதனால்தான்.

இன்னொன்று, உறங்கும் உயிரணுக்கள். நிலத்தில் விழுந்த விதை சில சமயம் பத்து, பதினைந்து ஆண்டுகள் முளைக்காமல் கிடந்து பிறகு முளைக்கும். மார்பகப் புற்றில் இதை நன்றாகவே பார்த்திருக்கிறோம். ஆகவே எந்தக் காலத்தில் அறுவை நடந்திருந்தாலும், புதிதாக விடாத முதுகுவலி என்று எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தப் பழைய அறுவையைப் பற்றி முதலில் சொல்லுங்கள். பழைய சதைப் பரிசோதனை அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நிலப் பத்திரம் வைத்திருக்கும் பெட்டியிலேயே அதையும் வையுங்கள். புதுக் கட்டியைப் பழைய சதைச் சீவலை ஒட்டிவைத்த கண்ணாடித் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அது எங்கே பிறந்தது என்று சொல்வது எங்களுக்கு எளிது.

நன்றி, வணக்கம்.