பறக்கும் கம்பளத்தை விற்றவர்கள்

(திரைப்படச் சங்கக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

போன மாதம் இதே அறையில் 'பாக்தாத் திருடன்' பார்த்தோம். 1924இல் வந்த மௌனப்படம். டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஆளுயர ஜாடிகளுக்குள் குதித்துக் குதித்து ஓடியதைப் பார்த்து நீங்கள் கைதட்டினீர்கள். வெளியே வரும்போது ஒரு நண்பர், "இந்தப் படத்துக்கெல்லாம் கூட்டம் தானாகவே வந்திருக்குமே சார்" என்றார். தானாக எங்கே வந்தது!

நான் கொஞ்ச காலம் ஒரு விநியோகஸ்தர் அலுவலகத்தில் கணக்கு எழுதியவன். அங்கே தெரிந்துகொண்டது, எந்தப் படத்தையும் இரண்டு தடவை விற்க வேண்டும். முதலில் தியேட்டர்காரரிடம், அப்புறம் ஜனங்களிடம். ஜனங்களிடம் கதை சொல்லலாம். தியேட்டர்காரர் கதை கேட்க மாட்டார். "படம் எவ்வளவு நேரம்? ஒரு நாளைக்கு எத்தனை ஷோ போடலாம்?" என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்த ஆளை 1924 அமெரிக்காவில் உட்கார வையுங்கள். படம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஷோ குறையும், வாடகையோ அதிகம். அவர் ஏன் எடுக்க வேண்டும்? அடால்ஃப் ஸூகரின் பாரமவுண்ட் படக் கம்பெனி இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. நட்சத்திரப் படம் வேண்டுமா, கூடவே ஒரு கட்டு சாதாரணப் படங்களையும் எடுத்துக்கொள். நம் ஊரில் ரேஷனில் சர்க்கரை கேட்டால் சோப்பையும் தலையில் கட்டுவார்களே, அந்த மாதிரி. நடிகர்கள் ஃபேர்பேங்க்ஸ், சாப்ளின், மேரி பிக்ஃபோர்டு, இயக்குநர் கிரிஃபித் நால்வரும் சேர்ந்து 1919இல் தொடங்கிய யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனிதான் 'பாக்தாத் திருடன்' படத்தை வெளியிட்டது. அது அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக விற்றது. படம் தன் காலில் தானே நிற்க வேண்டும். இந்தப் படத்துக்கான செலவோ பத்து லட்சம் டாலருக்கு மேல்.

என்ன செய்தார்கள்? சினிமா தியேட்டர் பக்கமே முதலில் போகவில்லை. நியூயார்க் 42ஆவது தெருவில் லிபர்ட்டி என்று ஒரு நாடக அரங்கம். மோரிஸ் கெஸ்ட் என்ற நாடகக்காரரைப் பிடித்து, அவர் பொறுப்பில் 1924 மார்ச் 18 அன்று அங்கே திரையிட்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டே காட்சி, நம்பர் போட்ட இருக்கை, நாடகத்துக்கு வாங்குவது போல டிக்கெட் விலை. உள்ளே நுழைந்தால் சாம்பிராணி வாசம், மத்தள ஓசை. டிக்கெட் கிழிக்கிற பையன்களுக்கு அரபு வேஷம். இடைவேளையில் அந்தப் பையன்கள் துருக்கிக் காபிக் கோப்பைகளை ஏந்தி, நெருக்கித் தள்ளிய கூட்டத்துக்குள் பெண்கள் இருக்கும் பக்கம் போக முயன்று திண்டாடினார்களாம். எனக்கு இந்தப் படத்தின் சரித்திரத்திலேயே பிடித்த காட்சி அதுதான்.

அத்தனை தடபுடலும் அன்று உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். எங்கோ ஓஹாயோவில், ஒற்றைப் பியானோவை வைத்துப் படம் ஓட்டுகிறவர் வர்த்தகப் பத்திரிகையைப் பிரிப்பார். நியூயார்க்கில் இப்படி ஓடுகிறது என்று படிப்பார். அவருக்காகத்தான் அந்தச் சாம்பிராணி. பிறகு விற்பனைப் பிரதிநிதி வரும்போது பேரம் பாதி முடிந்திருக்கும்.

கையெழுத்துப் போட்டதும் அந்தக் காலத்துத் தியேட்டர்காரர் கையில் ஒரு விளம்பரப் புத்தகம் வரும். பெரிதும் சிறிதுமாக எந்தெந்த அளவில் போஸ்டர் கிடைக்கும், வாசலை எப்படி அலங்கரிப்பது, ஊர்வலம் விடலாமா, எல்லாம் அதில் இருக்கும். பத்திரிகையில் போட 'செய்தி'கூட எழுதியே கொடுத்துவிடுவார்கள். தியேட்டர் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கும்.

இதே தொழிலை வேறு மாதிரி செய்தவர்களும் உண்டு. 1922 ஜனவரியில் யுனிவர்சல் வெளியிட்ட 'ஃபூலிஷ் வைவ்ஸ்' படத்தில் இயக்குநர் எரிக் வான் ஸ்ட்ரோஹைம் செலவை ஏற்றிக்கொண்டே போனார். ஐரோப்பாவின் சூதாட்ட நகரமான மான்டி கார்லோவையே கலிஃபோர்னியாவில் செட்டாகக் கட்டினார். தடுக்க முடியாத கம்பெனி அதையே விளம்பரமாக்கியது. நியூயார்க்கில் ராட்சத போர்டு வைத்து, இதுவரை ஆன செலவு இவ்வளவு என்று வாராவாரம் தொகையை மாற்றினார்கள். ஸ்ட்ரோஹைம் பெயரின் முதல் எழுத்துக்குப் பதில் டாலர் குறி! வீட்டுக் கடனை வாசலில் எழுதி மாட்டுகிற காரியம். கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒப்பவில்லை. செலவைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்தவன் பணத்தைத் தேடுவான், படத்தைப் பார்க்க மாட்டான். நம் போஸ்டர்களில் கோடிக் கணக்கு வரும்போதும் எனக்கு இதே எரிச்சல்தான்.

'பாக்தாத் திருடன்' படத்தில் பணம் வேறு இடத்தில் தெரிந்தது. வில்லியம் கேமரன் மென்சிஸ் வடிவமைத்த நகரத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? தரையைக் கண்ணாடி போலப் பளபளப்பாக்கியதால் கட்டடங்களின் நிழல் அதில் விழுந்து, ஊரே மிதப்பது போல இருக்கும். கிரேனில் கம்பி கட்டித் தூக்கிய கம்பளம் அந்த ஊருக்கு மேல்தான் பறக்கிறது.

நம் பக்கத்துக் கதை ஒன்று மிச்சம். 1927-28இல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு குழு இந்திய சினிமாவைப் பற்றி நாடு முழுக்க விசாரித்தது. இந்தியாவில் காட்டிய படங்களிலேயே ஜனங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று சாட்சிகள் சொன்ன பதிலை அதன் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இதே 'பாக்தாத் திருடன்'தான்.

என் சின்ன வயதில் எங்கள் ஊர் டென்ட் கொட்டகைக்கு மாட்டு வண்டிதான் விளம்பரம். இரண்டு பக்கமும் தட்டி, உள்ளே தமுக்கு அடிப்பவர், பின்னால் பிட் நோட்டீஸ் வீசுகிற பையன். மஞ்சளும் ரோஸுமாக நோட்டீஸ் பறக்கும், நாங்கள் புழுதியில் விழுந்து பொறுக்குவோம். படத்துக்குக் காசு கிடைக்காத வாரங்களில் அந்த நோட்டீஸை மட்டும் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.