வாக்குத்தத்த அட்டையில் இல்லாத வசனம்

நேயர்களுக்கு என் அன்பின் வணக்கம்.

டிசம்பர் 31 இரவு சென்னையில் எந்தப் பக்கம் போனாலும் ஆலய வாசலில் கூட்டம் தெருவரைக்கும் நிற்கும். புரசைவாக்கம், பெரம்பூர், தாம்பரம், எங்கும் இதே காட்சிதான். பன்னிரண்டு அடித்து, வாழ்த்துச் சொல்லி முடித்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும்; புது வருஷத்துக்குத் தேவன் தரும் வாக்கு என்று ஆளுக்கொரு வேதாகம வசனம் அச்சிட்ட அட்டைகள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். 'கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்' என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் ஒரே சந்தோஷம். பிரிட்ஜ் கதவில் வருஷம் முழுக்க அந்த அட்டை இருக்கும்.

அந்த வசனம் உபாகமம் 28:13. ஆனால் அட்டையில் வருவது அதில் ஒரு துண்டுதான். கட்டளைகளுக்குச் செவிகொடுத்து அதன்படி நடந்தால் என்கிற நிபந்தனை அச்சுக்கு வருவதில்லை. எரேமியா 29:11-ம் அப்படித்தான். 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்பதை நாம் மனப்பாடமாகச் சொல்வோம். அதற்கு முந்தின வசனத்தைப் படித்துப் பாருங்கள். பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகு என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் அது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் பலர் சொந்த ஊரைப் பார்க்காமலே கண்ணை மூடியிருப்பார்கள். வாக்குத்தத்தம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

'தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்.' இது லூக்கா 9:23. இந்த வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை.

ஆறுதல் தேடி வருகிறவர்களை நான் குறை சொல்லவே இல்லை. டயாலிசிஸில் இருக்கும் கணவருக்காக முழங்காலில் நிற்கிற பெண்ணிடம், ஆண்டவர் உன்னைக் காண்கிறார் என்று சொல்லத்தான் வேண்டும். இயேசு சுகமாக்கினார், பசித்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார். அதே இயேசுதான், ஜனங்கள் திரளாகப் பின்னால் வந்தபோது திரும்பி நின்று, கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டார். முதல் பாதியை மட்டும் பிரசங்கித்துவிட்டு அதைச் சுவிசேஷம் என்று சொல்வதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

சரி, இந்தக் காலத்தில் சென்னையில் இருக்கிற ஒரு விசுவாசிக்குச் சிலுவை எங்கே வருகிறது? என் பார்வையில், பெரும்பாலும் கல்யாணத்திலும் பணத்திலும் வருகிறது.

கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். ரட்சிக்கப்பட்டவராக இருக்கவேண்டும், ஞானஸ்நானம் பெற்றிருக்கவேண்டும் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே 'அதே இனத்தில்' என்று போடுகிறோம். நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்தவர், மேல்சாதி என்று சொல்லப்பட்ட குடும்பம். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்குப் பிறகு எல்லாச் சாதியாரோடும் ஒன்றாய்ப் பழகினார், சேர்ந்து சாப்பிட்டார். உத்தியோகம் போனது, சிறைவாசமும் சித்திரவதையும் வந்தன. 1752-ல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை எடுத்துவிட்டே அறிவித்தார்கள். அவருக்கு விழா எடுக்கிற நாம், பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது முதலில் எதைக் கேட்கிறோம்?

தலித் கிறிஸ்தவர்களின் நிலையை நினைத்தால் இது இன்னும் கூர்மையாகக் குத்துகிறது. 1950-ம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவரானதும் அவர்களுக்குப் பட்டியலினத்தவருக்கான சலுகைகள் இல்லாமல் போகின்றன. அதில் பின்னால் 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. அந்த மக்கள் விசுவாசத்துக்கு நிஜமாகவே விலை கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம், ஆண்டவரை ஏற்றுக்கொண்டால் எல்லாம் கைகூடும் என்று எந்த முகத்தோடு பிரசங்கிப்பது?

அப்புறம் பணம். அம்பத்தூரில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கும் சகோதரர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு ஆர்டர் கொடுத்துவந்த கம்பெனியில் புதிதாக வந்த பர்ச்சேஸ் அதிகாரி, ஒவ்வொரு பில்லுக்கும் கமிஷன் கேட்டார். ஊரில் எல்லாரும் கொடுப்பதுதானே என்று கூட இருந்தவர்களும் சொன்னார்கள். இவர் கொடுக்கவில்லை. ஆர்டர் நின்றது. ஒரு மிஷினை விற்று வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுத்தார். அந்த மிஷின் இருந்த இடத்தில் தரையில் நாலு போல்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதைப் போன மாதம்கூடப் பார்த்தேன். போன ஆர்டர் இன்னும் திரும்பி வரவில்லை.

சாட்சி சொல்லும் நேரத்தில் வீடு வாங்கினவர்களையும் விசா கிடைத்தவர்களையும் மேடைக்குக் கூப்பிடுகிறோம். கூப்பிடட்டும், தேவன் செய்த நன்மைக்கு நன்றி சொல்லவேண்டியதுதான். ஆனால் இந்தச் சகோதரரை இதுவரை எந்தச் சபையும் கூப்பிடவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிற போதகர்களே, உங்கள் சபையிலும் இப்படி ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் மைக்கைக் கொடுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை, முடிவில் என்ன ஆசீர்வாதம் கிடைத்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

வணக்கம்.